இரட்டை நட்சத்திரமும் ஒற்றைக் கேமராவும்

“ஒரு காசோட மூக்கைப் படம் பிடிக்கக் கேமரா வேணுமாம்! இந்த வீட்ல இருக்கற எங்களுக்கெல்லாம் மூக்கே இல்லையா?”

“காசு இல்லம்மா, நாணயம்.”

“கடையில குடுத்தா சோப்பு குடுப்பான்ல? அப்போ காசுதான்!”

மூன்றாம் மாடியில் மனைவிக்கும் கணவருக்கும் இடையே எழுந்த இப்போர்முழக்கம் படிக்கட்டு வழியே முரசொலிபோல் உருண்டிறங்கியது. இரண்டாம் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோரின் கைகளை அது நிறுத்தியது. கீழ்வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு புறப்பட்டவர்களை, மறந்துபோன ஏதோ ஒன்றைத் தேடுவதுபோல் மீண்டும் உள்ளே வரவழைத்தது. சண்டை என்றால் இது சண்டை! முதல் பாதியைத் தவறவிட்டவர்கள் அன்று பட்ட வேதனையைச் சொல்லி மாளாது.

வாழ்க, அம்முழக்கத்தை மார்பில் ஏற்று நிமிர்ந்து நின்ற நம் நாயகர்! அச்சகத்து மெய்ப்புத்தாள்களில் பதுங்கித் திரியும் பிழைப்படையைச் சிவப்பு மை பாய்ச்சி வெட்டிச் சாய்க்கும் வெஞ்சினத்தார் வாழ்க! கிட்டப்பார்வை என்னும் இயற்கைக் கொடையால் மூக்குநுனி தாளில் உரச, இடையில் எறும்பு நுழையவும் இடம் விடாமல், எழுத்தோடு எழுத்தாய் மல்லுக்கு நிற்கும் நாசிமுன்படையார் வாழ்க! கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்கும் முன்பே அரைப்புள்ளி எங்கே என்று தேடுபவர். அதனாலேயே தெருவெல்லாம் ‘பிழைதிருத்தி’ என்று அழைக்க, அதைக் கேலி என்று அறியாமல் விருது என்று சூடிக்கொண்டவர் வாழ்க, வாழ்க!

பகலெல்லாம் பிழை கொல்லும் இவ்வீரர், மாலையில் வீடு திரும்பியதும் பிழை வளர்ப்பார் என்பதுதான் அக்கம்பக்கத்தார் இன்றுவரை ஆறாமல் வியக்கும் விந்தை. அவர் நாணயம் சேர்ப்பவர். அதிலும் அச்சு பிசகிய நாணயம் மட்டுமே சேர்ப்பவர். நடு விலகியது, விளிம்பு மழுங்கியது, தலை ஒருபக்கமும் பூ மறுபக்கமும் கோணிக்கொண்டது என்று ஆலையில் தப்பிப் பிறந்த அநாதைகள் அனைத்துக்கும் அவர் வீட்டு அலமாரியே அன்னை மடி. ஒழுங்காக அடிக்கப்பட்ட நாணயத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அந்த அநாதைக் கூட்டத்துக்கு ஓர் அரசி இருந்தாள். பேருந்தில் சில்லறையாகக் கிடைத்த சிறு வெண்ணாணயம். அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் நட்சத்திர வரிசையில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் இரண்டாக அடிபட்டிருந்தது, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல. கடுகில் பாதியளவான அவ்விரட்டையைக் கண்ட நாளில் பிழைதிருத்தி சாப்பிடவில்லை. மறுநாளே அதைக் கைக்குட்டையில் பொதிந்து நாணயம் சேகரிப்போர் சங்கத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கேதான் விதி அவர் மைத்துனர் வடிவில் காத்திருந்தது. இல்லாளின் உடன்பிறந்த தம்பி, சங்கத்தின் செயலாளர், நாற்பதைத் தொட்டும் கல்யாணம் கூடாதவர், அந்தக் குறையை ஈடுகட்டவே வாங்கினார் என்று பலரும் சொல்லும் ஒரு மாபெரும் கேமராவைக் கழுத்தில் சுமப்பவர். துதிக்கை நீண்ட அக்கருவியை அவர் தூக்கினால் பறவைகள் கிளை மாறும். அந்த வேழக் கருவியால் நட்சத்திரத்தைப் படமெடுத்து, வந்த கலங்கல் படத்தைச் சபையோர் அனைவருக்கும் காட்டி, அவர் முழங்கினார்:

“மாமா, இது வெறும் கீறல். சாவிக்கொத்தோட ஒரே பையில போட்டு வெச்சிருப்பீங்க.”

சபை சிரித்தது. சிவப்பு மையால் பிறரைச் சிவக்க வைத்தே பழகியவரின் காதுகள் அன்று தாமே சிவந்தன. சங்கத் தலைவரோ முன்னாள் தீயணைப்பு அதிகாரி. எரியும் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு எட்டுமாறு பேசிப் பழகிய குரலினர். அவர் எழுந்து தீர்ப்புரைத்தார்: வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தெளிவான படம் ஒன்றைச் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும். நட்சத்திரம் இரண்டு என்று கண்டால், நாணயம் சங்கத்தின் கண்ணாடிப் பேழையில் உடையவர் பெயரோடு அமரும். கீறல் என்று கண்டால், அதைப் பற்றிய பேச்சை அதன்பின் யாரும் எடுக்கக் கூடாது.

ஆகவே கேமரா வேண்டும். கைப்பேசியில் எடுத்தாலோ அந்த அரசி சட்டைப் பொத்தானைப்போல் வந்தாள்.

இனி இல்லத்தரசியின் புகழைச் சொல்லாவிட்டால் நாளை படிக்கட்டில் முகம் பார்த்து நடக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் ஏறும் மஞ்சள் வேனைச் செலுத்தும் சாரதி அவர். தெருக்கோடியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே கண்டு வேகம் தணிக்கும் தூரதிருஷ்டி வாய்த்தவர். மூன்று வளைவுக்கு அப்பால் கழன்று உருளும் குழந்தையின் தண்ணீர்ப் பாட்டிலையும் கண்ணாடியில் பிடித்துவிடுபவர். ஆனால் கையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் படிக்கக் கையை நீட்டுவார். போதாமல் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். அதுவும் போதாமல் மகளைக் கூப்பிடுவார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னவர்களுக்கு ஒரே மறுமொழி: “என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, கைதான் கட்டையா இருக்கு.”

இப்படிக் கிட்டத்தில் இருப்பதை மட்டும் காணும் ஒருவரும், எட்டத்தில் இருப்பதை மட்டும் காணும் ஒருவரும் ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் வாழ்ந்ததும், நடுவில் ஒரு மகளைப் பெற்று வளர்த்ததும் எப்படி என்று கேட்டால், நமக்கென்ன தெரியும்?

அந்த மகள்தான் சாரதியின் கவலை. பரிசோதனைக் கூடமொன்றில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் தொலைவூருக்குப் போகிறாள். அலமாரி நிறைய நாணயங்களின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாய்க் கிடக்க, பெற்ற மகளின் கடைசிப் படம் பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருக்கிறது. அதிலும் அவள் தும்மப்போகும் முகம். இருக்கிற நாட்களில் அவளை நாலு படம் எடுத்து வைக்க வேண்டும். எட்ட நின்று, அவளுக்கே தெரியாமல், சிரிக்கும்போது எடுக்க வேண்டும். அதற்குத் தூரத்தை இழுத்துத் தரும் ஜூம் வேண்டும் என்று சாரதி. ஜூம் எதற்கு, அணுகி எடுக்கப் பூப்படம் பொறித்த பொத்தானே வேண்டும் என்று பிழைதிருத்தி. முழக்கம் மூன்றாம் நாளாய் மூண்டெழ, சோறு ஆறிக்கொண்டிருப்பதைக் கண்ட மகள் நடுவில் வந்து நின்று சாசனம் வெளியிட்டாள்:

“ஒரே கேமராதான். அப்பாவோட காசுக்கும் ஆகணும், வீட்டுக்கும் ஆகணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. இப்போ சாப்பிடுங்க.”

சனிக்கிழமை மாலை படை புறப்பட்டது. முன்னே மஞ்சள் வேன். சாரதி ஆசனத்தில் சாரதி. பிள்ளைகளுக்கான குட்டை இருக்கையில் முழங்கால் தாடையை முட்ட, கைக்குட்டைக்குள் அரசியை ஏந்தி, பிழைதிருத்தி. பின்னால் தம் இரண்டு சக்கர வாகனத்தில், அழையாமலே, மைத்துனர்; கழுத்தில் வேழம். தோல்வியைக் கண்ணாரக் காண வந்தார் என்பார் சிலர். வேறு வேலை இல்லாமல் வந்தார் என்பார் சிலர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

கேமராக் கடையை என்னென்று வருணிப்பது! சுவரெங்கும் கண்ணாடி அடுக்குகள். அடுக்குதோறும் இமையாத ஒற்றைக்கண் அரக்கர்கள். மேடைமேல் எரியும் வெண்விளக்குகள். நடுவில், மேடைக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே வரவேற்கும் கடை முதலாளி. வருவோர் விரல் வைப்பதும் அவர் துடைப்பதுமாக அவர் வாழ்வே ஓர் ஓயாப் போர். அன்று அதைவிடப் பெரிய போர் வருவதை அறியாமல் அவர் புன்னகைத்தார்.

முதலில் களம் கண்டது உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளிநிறக் குறுங்கருவி. பிழைதிருத்தி அரசியை மேடைமேல் கிடத்தினார். பூப்பொத்தானை அழுத்தினார். தாளைத் தின்னப் பழகிய கழுத்து தானே தாழ்ந்தது. கேமராவின் மூக்கு நாணயத்தைத் தொட, அவர் மூக்கு கேமராவைத் தொட, மேகம் மூடிய நிலவைப்போல் கருவியின் நிழல் நாணயம் முழுதும் கவிந்தது. படம் பிடித்தார். திரையில் கரி.

“பிழை!” என்று முழங்கி, காற்றில் விரலால் நீக்கற்குறி வரைந்தார். அதற்குமுன் எந்த வாடிக்கையாளரும் கேமராவைப் பிழையென்று அடித்துத் திருப்பித் தந்ததில்லை; கடை முதலாளி அடுத்ததை எடுத்தார்.

அடுத்தது கருநிறத்தது, வெடித்தெழும் ஃப்ளாஷ் உடையது. மின்னல் ஒன்று பளீரிட்டது. நாணயம் நண்பகல் சூரியனாய் எரிந்து வெளுத்தது. அதில் நட்சத்திரமும் இல்லை, அரசர் தலையும் இல்லை. பிழை! அதற்கடுத்ததில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுக்கலாம் என்றார் முதலாளி; எடுத்தார். வழவழ நாணயத்தில் தெளிவாக, மிகத் தெளிவாக, ஒரு வழுக்கைத் தலையும் இரண்டு மூக்குக்கண்ணாடி வட்டங்களும் விழுந்திருந்தன.

“இந்த ராஜா கண்ணாடி போட்டிருக்காரே மாமா,” என்றார் மைத்துனர் எட்டிப் பார்த்து.

“நீ சும்மா இரு. லென்ஸ் சரியில்ல.”

“லென்ஸ்ல குறை இல்லீங்க சார்,” என்றார் கடை முதலாளி, புண்பட்டு, நெற்றி பதிந்த மேடையைத் துடைத்தபடி. “நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா…”

தள்ளி நிற்பதா! எந்தப் பிழையையும் தள்ளி நின்று பார்த்தறியாத பரம்பரையின் தலைவரிடமா அந்தச் சொல்! வீரர் புறமுதுகிடார், மேலும் குனிந்தார். கேமராக்கள் ஒவ்வொன்றாய் மேடையேறின, ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. ஒன்று கரியாய் விழுந்தது, ஒன்று வெளுத்து விழுந்தது, ஒன்று நாணயத்தை விட்டுவிட்டு அதன் கீழிருந்த கண்ணாடியின் கைரேகையை உலகத்தரத்தில் காட்டிவிட்டு விழுந்தது. இடையில் மைத்துனர் தம் வேழத்தை நீட்டி, “இதுல முயற்சி பண்ணுங்க மாமா,” என்றார். அதன் துதிக்கை நாணயத்தை நெருங்கவே மறுத்து உர்ரென்று முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு பயன் இல்லை. பிழைதிருத்தியின் நெற்றியில் வியர்வை, உள்ளத்தில் இருள். நாளை சுவரில் வெறுமை, சபையின் சிரிப்பு, கீறல், கீறல் என்று காலமெல்லாம் ஒலிக்கப்போகும் அந்த ஒரு சொல். கைக்குட்டையை எடுத்து அரசியைப் பொதியத் தொடங்கினார்.

“மூடாதீங்க, இருங்க,” என்றது ஒரு குரல்.

அதுவரை சாரதி சும்மா இருந்தார் என்று எண்ணாதீர்கள். தம் பங்குக்கு அவர், நடுத்தர உடலும் நீளும் ஜூமும் கொண்ட ஒரு கேமராவைக் கையில் வாங்கி, அன்றாடப் பயனுக்கு ஆகுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைப் பொருள் வேறு யார்? குனிந்தபடி கணவர், நிமிராமல் கணவர், முதுகு மட்டும் கணவர் என்று வரிசையாய்ப் பல படங்கள். “பாருங்க, கொக்கு மீன் பிடிக்கற மாதிரியே இருக்கீங்க,” என்று காட்டவும் செய்தார், வீரர் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கேமராவோடு அவர் மேடையை நோக்கினார். அண்மையில் வந்தால் திரையில் அவருக்கு எல்லாம் பஞ்சுமூட்டை. ஆகவே கையை நீட்டினார். போதவில்லை. ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி. பள்ளி வாசலின் இடுக்கில் வேனைப் பின்னால் எடுக்கும் அதே நிதானத்தோடு, பின்னால் வாசற்கதவு, பக்கத்தில் தம்பி, அவன் கழுத்தில் துதிக்கை என்று எதையும் இடிக்காமல், நீட்டிய கை நீட்டியபடி, தலை சாய்ந்தது சாய்ந்தபடி நகர்ந்து நின்றார். ஜூம் நீண்டது. மேடைவிளக்கின் ஒளியை மறிக்க இப்போது நடுவில் நிழலும் இல்லை, வழுக்கையும் இல்லை. விரல் அழுந்தியது.

“டிக்.”

முதலாளியின் துடைக்கும் துணி நின்றது. பிழைதிருத்தி கேமராவை வாங்கித் திரையை மூக்கருகே கொண்டுபோனார். விளிம்பில் வரிசையாய் நட்சத்திரங்கள். அவற்றுள் ஒன்றின் தோளில் அப்படியே சாய்ந்திருந்தது மற்றொன்று. ஆறு முனைக்கு ஆறு முனை. எந்தச் சாவிக்கொத்தும் தன் வாழ்நாளில் கீறியிராத கூர்மை.

“நல்லா விழுந்திருக்கா?” என்றார் சாரதி. “எனக்கு இங்கேருந்து சரியா தெரியல.”

“ம்… பரவாயில்ல,” என்றார் பிழைதிருத்தி. முப்பது புத்தகம் பிழையின்றி வெளிவந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அதுதான் என்பது அச்சகத்தில் அனைவரும் அறிந்தது. அந்தக் கேமராவே வாங்கப்பட்டது. மைத்துனர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார்.

ஞாயிறு புலர்ந்தது. டயர்க் கடையின் மேல்மாடியில், ரப்பர் மணம் தூபமாய்க் கமழும் சங்கக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் அணிவகுத்தன. முன்வரிசையில் பிழைதிருத்தி, கடைசி வரிசையில், கதவோரம், வேன் சாவியை விரலில் சுழற்றியபடி சாரதி. செயலாளர் என்ற முறையில் சுவரில் படம் காட்டும் பணி மைத்துனருடையது. தம் தோல்வியைத் தாமே பெரிதாக்கிக் காட்ட நேர்ந்த வீரர் அவரைப்போல் இன்னொருவர் இருக்கமாட்டார்.

விளக்கு அணைந்தது. வெண்சுவரெங்கும் வானம் விரிந்ததுபோல் நாணயம் எழுந்தது. இரட்டை நட்சத்திரம் ஆளுயரத்தில் நின்றது. நாற்காலிகள் கிரீச்சிட்டன, பெருமூச்சுகள் எழுந்தன, தலைவர் எழுந்து, கீழே டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்களும் நிமிரும்படி முழங்கினார்: “இரண்டு! இது இரண்டேதான்! இதில் கீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை!”

கைதட்டல் மழை ஓய்ந்ததும் மைத்துனர் கேட்டார், நிஜமான வியப்போடு: “எப்படி மாமா எடுத்தீங்க? எவ்வளவு கிட்ட வெச்சு?”

படத்தின் அடியில், ‘படம்’ என்று போட்டு, பக்கத்தில் பிழைதிருத்தியின் பெயர் இருந்தது. முந்தைய இரவு அவரே சேர்த்தது. அதில் ஒரு துளி யோசனையும் அவருக்கு இல்லை. நாணயம் அவருடையது, கூட்டம் அவருடையது, பெயரும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? மாத்திரை அட்டையைப் படிக்க மகளைக் கூப்பிடும் சாரதி, கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெயரை ஒரே பார்வையில் படித்துவிட்டார். சாவி சுழல்வது நின்றது.

“அது வந்து… நான்…” என்று தொடங்கிய நம் நாயகர் திரும்பிப் பார்த்தார். கிட்டப்பார்வைக்காரர், அத்தனை தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் சாவிச் சத்தம் நின்றது தெரிந்தது.

ஐயகோ, எத்தனை பேரின் பிழைகளை அவர் வெட்டிச் சாய்த்திருப்பார்! இதோ, ஊரே பார்க்கும் சுவரில், ஆளுயர நட்சத்திரத்தின் அடியில், அவர் கையாலேயே போட்ட ஒரு பெரும்பிழை பல்லிளிக்கிறது. அதை விட்டுவிட்டால் பேழையில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். மைத்துனர் காலமெல்லாம் தலைகுனிவார். தட்டிய கைகள் தட்டியபடி வீட்டுக்குப் போகும். ஒருபுறம் புகழ் இழுத்தது. மறுபுறம் தொழில் இழுத்தது. ரப்பர் மணத்தின் நடுவே அவர் மூக்கு விடைத்தது, சுருங்கியது, மீண்டும் விடைத்தது. சபை மூச்சடக்கிக் காத்திருந்தது. எதற்கென்று அதற்கே தெரியாது.

பிழைதிருத்தி எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். சுவரருகே போய், மூக்கு சுவரில் உரச, தம் பெயரின்மேல் ஒரே வீச்சில் நீக்கற்குறி போட்டார். விளிம்பில், நல்ல கையெழுத்தில், மனைவியின் பெயரை எழுதினார். பிறகு திரும்பி, நாணயத்தைப் பற்றி முழங்கும்போதுகூட வராத குரலில் அறிவித்தார்:

“படம் எடுத்தது நான் இல்ல. அவ. நான் எடுத்த எதுவும் சரியா வரல.”

படம் அணைந்து விளக்கு எரிந்தபின்னும் வெள்ளைச் சுவரில் அந்தச் சிவப்புக் கோடும் பெயரும் அப்படியே நின்றன. தலைவர் அதைப் பார்த்தார். டயர்க் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று எண்ணினார். எண்ணியதை விட்டுவிட்டு முதலில் கைதட்டியவரும் அவரே. மைத்துனர் இருக்கையிலிருந்து எழுந்து, “அக்கா, நீயா?” என்று கேட்க, “ஏன்டா, நான் எடுக்கக் கூடாதா?” என்ற பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது. அன்று வீடு திரும்புகையில் நாயகர் குட்டை இருக்கையில் அமரவில்லை. சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் இன்றுவரை நமக்கு எட்டவில்லை. முயற்சி செய்யாமலும் இல்லை.

அதன்பின் அவரவர்க்கு ஆனது இது. வேழக் கேமராவை விற்றுவிடுவது என்று முடிவுசெய்த மைத்துனர், விலை படியாமல் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போய், அங்கே ரசீது போடும் முதலாளியின் தங்கையிடம் மனம் படிந்து, அவரையே மணந்து, கடைக்கு மேல் உள்ள வீட்டுக்கே குடிபோனார்; இப்போது மேடையைத் துடைப்பவர் அவர்தான். சங்கத் தலைவர் மகனோடு இருக்கப் போய்விட்டார். அந்தத் தெரு அமைதியாகிவிட்டதாகக் கேள்வி. மகள் தொலைவூருக்குப் போனாள். அங்கே உடன் வேலை பார்த்தவரையே மணந்து அங்கேயே தங்கிவிட்டாள். நட்சத்திர அரசி சங்கத்துப் பேழையில், இரண்டு பெயர்களின் கீழ், கொலுவீற்றிருக்கிறாள். இரு பெருவேந்தர் நாட்கணக்காய்ப் பொருதும், படை திரண்டும், கருவிகள் பல வீழ்ந்தும், காசுக்கும் வீட்டுக்கும் ஒருங்கே உரியதென வென்றெடுக்கப்பட்ட அந்த எட்டப்பார்வை நெடுங்கண் கேமரா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

மகள் ஊருக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.